சத்தம் போகாத எண்ணெய்

எங்கள் வீட்டுக் கீபோர்டு சத்தம் போடும். தெருமுனையில் நின்றபடியே நான் வேலையில் இருக்கிறேனா அடுப்படியில் இருக்கிறேனா என்று சொல்லிவிடலாம், அப்படி ஒரு சத்தம். தொண்ணூறுகளின் நடுவில் காரைக்குடியில் வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்துக் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுக்கும் பெண்கள் அபூர்வம். நான் அவர்களில் ஒருத்தி. கம்ப்யூட்டரை மதுரையில் பழையதாக வாங்கினோம். அதோடு வந்த கீபோர்டு அம்மிக் குழவி கனம். பிறகு வந்த மலிவான கீபோர்டுகளில் எல்லாக் கீக்கும் பொதுவாக ஒரு ரப்பர் விரிப்பு இருக்கும். இதில் ஒவ்வொரு கீக்கும் கீழே தனித்தனியாக ஒரு சுவிட்ச். சுவிட்சுக்குள் ஒரு தண்டு, ஒரு ஸ்பிரிங், நகத்துணுக்கு அளவில் ஒரு தகடு. அழுத்தினால் தண்டு இறங்கும், தகடு ‘டக்’கென்று மடங்கி நிமிரும், விரலை எடுத்தால் ஸ்பிரிங் தண்டை மேலே தள்ளிவிடும்.

எனக்கு அந்த ‘டக்’ பிடிக்கும். டைப்ரைட்டிங்கில் தமிழும் இங்கிலீஷும் ஹையர் முடித்த கை என்னுடையது. சத்தம் கேட்டால்தான் எழுத்து விழுந்தது என்று என் விரல் நம்பும். ஆனால் பழைய சாமான் பாருங்கள், தூசி ஏறி தண்டுகள் உள்ளே உரச ஆரம்பித்திருந்தன. ‘டக்’கோடு சேர்ந்து ஒரு ‘கரக்’கும் வந்தது. சில கீ அமுங்கினால் உடனே எழாது, நகத்தால் நெம்ப வேண்டும். நெம்பும்போது நான் திட்டுவேன். அதுவும் தெருமுனை வரை கேட்டிருக்கலாம்.

பாப்பா பிறக்கும் வரை இதெல்லாம் யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. புதுவயலில் அம்மா வீட்டில் பிரசவம். கார்த்திகை தொடக்கத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காரைக்குடிக்கு வந்தோம். அம்மா வீட்டில் போட்டது போட்டபடி தூங்கிய பிள்ளை, இங்கே வந்ததும் தூங்க மறுத்தது. தொட்டிலில் போட்டால் சிறிது நேரம் கண் மூடும். நான் மெல்லப் போய் நாற்காலியில் உட்கார்ந்து நாலு எழுத்து அடித்ததும் வீல் என்று அலறும்.

வீட்டில் மாமா இருந்தார். என் மாமனார். தபால் ஆபீசில் கடிதம் பிரிப்பதும் முத்திரை குத்துவதுமாகக் காலம் முழுக்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அத்தை எங்கள் கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். பேத்தி வந்ததும் மாமா வீட்டுக்குள் ஒரு சட்டம் போட்டார்: சத்தமே கூடாது. ரேடியோ அலமாரிக்குள் போனது. காலிங் பெல்லின் வயரைப் பிடுங்கினார். சாயங்காலம் கணீரென்று சொல்லும் ஜெபமாலையைக்கூட உதட்டுக்குள்ளேயே சொன்னார். மிச்சமிருந்தது என் கீபோர்டுதான்.

“ஆத்தா, பச்சப்புள்ள தூங்குற வீடு. அந்த மிஷினு சத்தம் அடங்கணும். அடங்கலன்னா மூடி வைக்க வேண்டியதுதான்” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. தை மாதக் கல்யாணங்களுக்கான பத்திரிகைகள் வரிசையாக வந்து கிடந்தன. இந்த வேலை எனக்குச் சம்பாத்தியம் மட்டும் இல்லை. ஒரு வெள்ளைத் தாளில் ஊர் ஊராக, உறவு உறவாகப் பெயர்கள் இறங்கி, நடுவில் பெண்ணும் மாப்பிள்ளையும் வந்து உட்காரும் அழகைப் பார்ப்பதற்கே நான் காலையில் சீக்கிரம் எழுவேன். அதை மூடச் சொன்னால்? மாமாவிடம் பதில் பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை. அதனால் பாத்திரங்களிடம் பேசினேன். பிள்ளை அதற்கும் எழுந்துகொண்டது.

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி வாத்தியார். வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் அதை ஒரு சோதனையாக மாற்றிவிடுவார். அன்று சாயங்காலம் வந்து, கீபோர்டைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கி, ஒரு சுவிட்சைப் பிரித்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, “உராய்வுதான் காரணம். எண்ணெய் விட்டாச் சரியாயிரும்” என்றார்.

“என்ன எண்ணெய்?”

“எண்ணெய்னா எண்ணெய்தானே.”

கெமிஸ்ட்ரி படித்தவர் சொல்கிற பதிலா இது? தலைக்குத் தேய்க்கிற தேங்காய் எண்ணெயை எடுத்து வந்தார். ஈர்க்குச்சியில் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு சுவிட்சுக்குள்ளும் ஒரு சொட்டு விட்டார். கழற்றிய கீக்களை மாமா செய்தித்தாளில் பரப்பி வரிசை கலையாமல் அடுக்கி வைத்தார். மிஷின் வாயை அடைக்கிற காரியம் என்பதால் அவருக்கு அதில் தனி உற்சாகம்.

தேங்காய் எண்ணெய் முதலில் நன்றாகத்தான் இருந்தது. ‘கரக்’ போய்விட்டது, விரல் வழுக்கிக்கொண்டு ஓடியது. பிறகு எறும்பு வந்தது. ஜன்னல் விளிம்பிலிருந்து மேசைக் கால் வழியாகச் சித்தெறும்பு சாரை போட்டு நேரே கீபோர்டுக்குள் நுழைந்தது. ஒரு மணப்பெண்ணின் தாய்மாமன் பெயரை அடித்துக்கொண்டிருக்கும்போது இரண்டு கீக்களுக்கு நடுவிலிருந்து ஓர் எறும்பு தலையை நீட்டி என்னைப் பார்த்தது. மேசைக் கால்களுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்தோம்.

அடுத்து மார்கழி பிறந்தது. ஒரு நாள் காலையில் கீயை அமுக்கினேன், அது கீழேயே இருந்துவிட்டது. அடுத்ததும் அப்படியே. குளியலறையில் போய்ப் பார்த்தால் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளை வெளேரென்று உறைந்து நின்றது. மார்கழியில் எண்ணெய் உறையும் என்று இந்த ஊரில் தெரியாதவர் யார்? வருஷா வருஷம் பாட்டிலை வெயிலில் வைத்து உருக்குகிறோம். கீபோர்டுக்குள் விட்ட எண்ணெயும் அதே எண்ணெய்தான் என்பது வாத்தியாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

பாட்டிலுக்குச் செய்கிற வைத்தியத்தையே இதற்கும் செய்தேன். ஒரு முறத்தில் கீபோர்டை வைத்து முற்றத்து வெயிலில் காய வைத்துவிட்டு, காக்காய் வராமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டு ஆச்சி சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

“என்னத்தா, வத்தல் போட்டிருக்கியா?”

“கம்ப்யூட்டரு ஆச்சி.”

“அதையுமா காய வைக்கணும்?” என்று கேட்டுவிட்டு, பாவம், என்னை இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் போனார்.

உருகியது. மறுநாள் காலையில் மறுபடி உறைந்தது. என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் பிரித்து, ஸ்பிரிட்டில் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் விட்டார். அது உறையவில்லை, ஆனால் தண்ணீராக ஓடியது. தண்டில் நிற்காமல் அடியில் மின்சாரம் தொடுகிற இடம் வரை இறங்கிவிட்டது. அடித்த எழுத்துகளில் பாதி திரையில் விழவில்லை. என் விரல் பட்ட தாளெல்லாம் எண்ணெய்த் திட்டு. மறுபடி பிரித்துத் துடைத்து, சைக்கிள் கடையிலிருந்து கிரீஸ் வாங்கி வந்து தடவினார். அது நகரவே யோசித்தது. அமுக்கிய கீ, நான் அடுத்த வார்த்தைக்குப் போன பிறகு நிதானமாக எழுந்து வந்தது.

“இன்னும் எதைத்தான் ஊத்தப் போறீக? நெய் இருக்கு, வேணுமா?” என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. தோற்ற சோதனையில் அவருக்குச் சந்தோஷம் வேறு. “ஒண்ணு உறையுது, ஒண்ணு ஓடுது, ஒண்ணு ஒட்டுது. நமக்கு உறையாம, ஓடாம, ஒட்டாம இருக்கிற ஒண்ணு வேணும்” என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டவர், மோர் ஊற்றும்போது கையை நிறுத்தினார். “ப்யூரெட்!”

பள்ளிக்கூட லேபில் சொட்டுச் சொட்டாகத் திரவம் விடும் கண்ணாடிக் குழாய்தான் ப்யூரெட். அதன் அடியில் இருக்கிற கண்ணாடித் திருகு இறுகிவிடாமல் இருக்க ஒரு கிரீஸ் தடவுவார்கள். சிலிக்கோன் கிரீஸ். குளிருக்கு உறையாது, வெயிலுக்கு ஓடாது, பிளாஸ்டிக்கைத் தின்னாது, எறும்புக்கும் ஆகாது. லேபுக்கு வாங்குகிற இடத்திலேயே தனக்கும் ஒரு டியூப் சொல்லிவைத்து வாங்கி வந்தார். படம் வரைகிற மெல்லிய பிரஷ்ஷால் தண்டு, பக்கச் சுவர், ஸ்பிரிங், அந்தக் குட்டித் தகடு, ஓர் இடம் விடாமல் தடவினார். மாமா வழக்கம்போலக் கீக்களை அடுக்கிக் கொடுத்தார்.

பூட்டி முடித்ததும் நான் உட்கார்ந்து ஒரு வரி அடித்தேன். சத்தம் இல்லை. இன்னொரு வரி. ம்ஹூம். மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கேட்காத சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். “இப்பத்தான் வீடு வீடா இருக்கு” என்றார் மாமா. என் வீட்டுக்காரர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. எனக்கு மட்டும் ஊறவைத்த பயறை அமுக்குகிற மாதிரி இருந்தது. எழுத்து விழுந்ததா இல்லையா என்று கண்ணால் பார்த்துப் பார்த்து அடித்தேன். போகட்டும், பிள்ளை தூங்கினால் போதும், வேலை தப்பித்தது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

பிள்ளை தூங்கவில்லை. முன்பாவது நான் அடித்தால்தான் எழுந்தது. இப்போது கரண்டி விழுந்தால் எழுந்தது, பால்காரர் சைக்கிள் மணிக்கு எழுந்தது, முற்றத்துக் குருவிக்கு எழுந்தது. வீடு அத்தனை அமைதியாக இருந்ததில் ஊசி விழுந்தாலும் இடி விழுந்த கதைதான். மாமா தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். அவர் கண்ணைச் சுற்றிக் கறுத்துப்போயிற்று.

கிறிஸ்துமஸ் முடிந்து, மூன்று ராஜாக்கள் திருநாளும் கழிந்த மறுநாள், குடிலில் இருந்த பொம்மைகளைத் துணியில் சுற்றி எடுத்துவைக்கும்போது மாமா சொன்னார். “சத்தத்தை நிப்பாட்டியும் புள்ளைக்குத் தூக்கம் இல்ல ஆத்தா. நீ தொட்டில்லயும் மிஷின்லயுமாக் கெடந்து அல்லாடுறே. தை வேலையை முடிச்சுக் குடுத்துரு. அதோட மிஷின குடுத்துருவோம். புள்ள பள்ளிக்கூடம் போகவும் வேற பாத்துக்கலாம்.”

அவர் அதட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். மெதுவாகச் சொன்னார், என் மேல் இரக்கப்பட்டுச் சொன்னார். என் வீட்டுக்காரர் கையில் இருந்த ஆட்டுக்குட்டி பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது. அழுதேன். ஒரு பையில் துணியை அடைத்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புதுவயலுக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

அம்மா வீட்டுக்குப் பின்சுவரை ஒட்டி ஒரு ரைஸ் மில். புதுவயலில் எந்த வீட்டைச் சொன்னாலும் பக்கத்தில் ஒரு மில்லையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். போனதும் பிள்ளையைத் தொட்டிலில் போட்டேன். இரண்டு ஆட்டு ஆட்டுவதற்குள் தூங்கிவிட்டது. நான் அம்மாவிடம் மாமாவைப் பற்றி, வீட்டுக்காரரைப் பற்றி, ஊரில் இருக்கிற எல்லா எண்ணெயைப் பற்றியும் மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னேன். சொன்னேன் என்றால் கத்தினேன். அந்த ஊரில் எல்லோரும் கத்தித்தான் பேசுவோம். பிள்ளை அசையவில்லை.

பேச்சின் நடுவில் கரண்ட் போனது. மின்விசிறி நின்றது, பின்னால் மில்லும் நின்றது. “அதனாலதாம்மா” என்று நான் ஆரம்பித்த வார்த்தை வீடு முழுக்க எதிரொலித்து எனக்கே கூச்சமாகிவிட்டது. தொட்டிலுக்குள் ஒரு சிணுங்கல். பிறகு வீல்.

“கரண்டு வந்ததும் தூங்கிருவா, விடு” என்றாள் அம்மா, கீரையை ஆய்ந்துகொண்டே.

“வேர்க்குதா அவளுக்கு?”

“வேர்வை இல்லடி. மில்லு ஓடணும் அவளுக்கு. பொறந்ததுல இருந்தே அப்படித்தானே.”

நான் அப்படியே நின்றேன். புதுவயலில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு மில் சத்தம் காதில் விழாது. அது இருக்கிறது என்பதே நின்றால்தான் தெரியும். பிள்ளை இங்கே அமைதியாகத் தூங்கினாள் என்று காரைக்குடியில் எல்லோரிடமும் நான்தான் சொல்லியிருந்தேன். எந்த அமைதி? உமி பறக்கிற, லாரி முக்கி முனகுகிற, நாள் முழுக்கத் தடதடக்கிற அமைதி! கரண்ட் வந்தது. மில் ஒரு உறுமல் உறுமிவிட்டு ஓட ஆரம்பித்தது. பிள்ளையின் அழுகை விக்கலாகி, விக்கல் பெருமூச்சாகி, கண் சொருகியது. நான் சிரித்தேன். மூக்கும் ஒழுகியது.

மறுநாளே காரைக்குடிக்குத் திரும்பி என் வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். “அப்ப முதல்ல சத்தம் இருந்தப்பவும் எந்திரிச்சாளே?” என்று கேட்டார். அதற்கும் நான் பஸ்ஸிலேயே பதில் யோசித்து வைத்திருந்தேன். அப்போது நான் பயந்து பயந்து அடித்தேன். நாலு எழுத்து அடித்துவிட்டுத் தொட்டிலைப் பார்ப்பேன், இன்னும் நாலு அடிப்பேன், இறுகிய கீயை நெம்புவேன், திட்டுவேன். மில் அப்படியா ஓடும்? விட்டு விட்டு வந்தால்தானே அது தொந்தரவு.

“அப்ப, கீ இறுகக் கூடாது. ஆனா சத்தம் இருக்கணும்” என்றார்.

“உங்க கெமிஸ்ட்ரில அதுக்கு எடம் இருக்கா?”

இருந்தது. பழையபடி எல்லாவற்றையும் பிரித்தார். தீக்குச்சி முனையில் பஞ்சைச் சுற்றி, ஸ்பிரிட்டில் தொட்டு, அந்தக் குட்டித் தகட்டை மட்டும் பளிச்சென்று துடைத்தார். தண்டின் இரண்டு பக்கமும் சிலிக்கோன் கிரீஸைப் பூசியது தெரியாமல் பூசினார். உரசுகிற இடத்துக்கு மட்டும் கிரீஸ், பேசுகிற இடத்துக்குக் கிடையாது. நான் பக்கத்தில் உட்கார்ந்து தகடுகளை எடுத்துக் கொடுத்தேன். எங்கள் இரண்டு தலையும் விளக்கடியில் முட்டிக்கொண்டன. கல்யாணமான புதிதில்கூட நாங்கள் அத்தனை நேரம் அவ்வளவு நெருக்கமாக உட்கார்ந்து பேசியதில்லை என்று நினைக்கிறேன். இந்தத் தடவை மாமா கீ அடுக்க வரவில்லை. எங்களுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு நான் அடிக்க ஆரம்பித்தேன். ‘டக்’ திரும்பி வந்துவிட்டது, அதுவும் ‘கரக்’கைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சுத்தமாக வந்தது. மாமா ஓடி வந்து, பிள்ளையை அள்ளிக்கொள்வதற்கு இரண்டு கையையும் நீட்டியபடி தொட்டில் பக்கத்தில் நின்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அடித்தேன். பெரியப்பா, சித்தப்பா, அம்மான், அயித்தான், இளையாத்தங்குடி, திருக்கோஷ்டியூர், வந்த உறவும் ஊரும் எல்லாம் நிற்காமல் இறங்கின. பிள்ளை இரண்டு தடவை முனகியது. பிறகு முனகலும் நின்றது. பக்கத்தின் அடிக்கு வந்து திரும்பியபோது மாமா கைகளை இறக்கியிருந்தார். தொட்டிலுக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

சொல்லாவிட்டால் என்ன? அன்று சாயங்காலம் ஜெபமாலையைப் பழையபடி கணீரென்று சொன்னார். இரண்டு நாள் கழித்து ரேடியோவும் அலமாரியை விட்டு வெளியே வந்தது. மிஷினைக் கொடுத்துவிடுவது பற்றி மட்டும் அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. மறந்திருப்பார் என்று ஒரு நாளும், நேரம் பார்க்கிறார் என்று மறுநாளும் எண்ணிக்கொண்டு, தை வேலை முடிய முடிய நான் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தேன்.

கடைசிப் பத்திரிகையை அடித்துக்கொண்டிருந்த மத்தியானம் கரண்ட் போனது. திரை இருண்டது. என் கையும் நின்றது. இனிப் பிள்ளை எழுந்துவிடும், அதற்குள் கொடியில் கிடக்கிற துணியையாவது எடுத்துவிடுவோம் என்று கொல்லைக்கு ஓடினேன். துணியை அள்ளிக்கொண்டிருக்கும்போது உள்ளே கீபோர்டு சத்தம் கேட்டது. கரண்ட் வந்துவிட்டது, இவரும் பள்ளிக்கூடத்திலிருந்து சீக்கிரம் வந்துவிட்டார் என்று நினைத்தேன். வந்து பார்த்தால் மின்விசிறி ஓடவில்லை.

என் நாற்காலியில் மாமா உட்கார்ந்திருந்தார். இடது கையில் பனையோலை விசிறி, தொட்டிலுக்கு மேல் அசைந்துகொண்டிருந்தது. வலது கையின் ஒற்றை விரலால் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தார். காலமெல்லாம் முத்திரை குத்திய கை அல்லவா, ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையில் மயிரிழை வித்தியாசம் இல்லை. எதிரே திரை இருட்டாக இருந்தது. பிள்ளை வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள்.

நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். துணியில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்துவிட்டார், ஆனால் தட்டுவதை நிறுத்தவில்லை.

“அவன் வந்தாச் சொல்லு ஆத்தா” என்றார் மெல்லிய குரலில். “இந்தக் கடைசியில இருக்குல்ல, இந்தப் பட்டன் மட்டும் இறுகுது. அந்த மருந்தை லேசாத் தடவச் சொல்லு. பாத்துத் தடவணும். சத்தம் போயிறக் கூடாது.”